ஐ.பி. போடுவதற்கு முன்னால்: கடன் முற்றியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கடன் கழுத்தளவு ஏறிவிட்டவருக்கு ஊரில் இலவசமாகக் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: "பேசாம ஐ.பி. போட்டுட்டுப் போப்பா." டீக்கடையில் சொல்வார்கள், சொந்தக்காரர் சொல்வார். கடன் கொடுத்தவரே சில சமயம் கோபத்தில், "மஞ்சக் கடுதாசி குடுத்துடலாம்னு பாக்கறியா?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான்: இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கடனைக் கட்ட முடியாமல் நொடித்துவிட்டேன் என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு. இதைக் கேட்டதும் கடனாளியின் மனசில் ஒரு படம் ஓடும். கோர்ட்டில் ஒரு மனு போட்டால் போதும், மறுநாளிலிருந்து யாரும் வாசலில் வந்து நிற்க முடியாது, எல்லாக் கடனும் ரத்து. அந்தப் படத்தில் பாதிக்கு மேல் தப்பு.

ஐ.பி. மனுவில் நீங்கள் கோர்ட்டிடம் சொல்வது இதுதான்: "என்னிடம் இருப்பது இவ்வளவு, நான் தர வேண்டியது இவ்வளவு, என்னால் கட்ட முடியவில்லை. இருப்பதை எடுத்து எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுங்கள்." கோர்ட் அதை ஏற்று உங்களை நொடித்தவர் என்று அறிவிப்பது முதல் கட்டம். பங்கு போட்ட பிறகு, நீங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, மிச்சக் கடனிலிருந்து உங்களை விடுவிக்கலாமா என்று முடிவு செய்வது இரண்டாவது கட்டம். அதற்குப் பெயர் டிஸ்சார்ஜ். முதல் கட்டத்தைப் பற்றி ஊரே பேசும். இரண்டாவதைப் பற்றி வக்கீல் ஆபீசுக்கு வெளியே பேச்சே இருக்காது. ஆனால் கடன் நிஜமாகவே தீர்வது டிஸ்சார்ஜில்தான். அது கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் மனு போடுவது வீண் வேலை என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்?

தமிழ்நாட்டு மாவட்டங்களில் சாதாரணத் தனிநபருக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மனுவைப் பெரும்பாலும் சப் கோர்ட்டில் போடுவார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்லது தொழில் செய்யும் ஊர் எந்தக் கோர்ட் எல்லைக்குள் வருகிறதோ அங்கே. சென்னை நகருக்கு மட்டும் 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம். மனு போவது உயர் நீதிமன்றத்துக்கு. சொத்தைப் பொறுப்பேற்பவரை மாவட்டங்களில் அஃபிஷியல் ரிசீவர் என்பார்கள், சென்னையில் அஃபிஷியல் அசைனி.

"2016இல் புதுசா திவால் சட்டம் வந்ததே?" என்று கேட்கலாம். வந்தது. அதில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்கு மட்டும்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: கம்பெனி வாங்கிய கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். நீங்கள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டராக இருந்து, பாங்குக் கடனுக்குச் சொந்த ஜாமீனும் கொடுத்திருந்தால், உங்கள் பாதை வேறு. அது கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோ போகும். இனி வருவது மற்றவர்களுக்கு, அதாவது கடை வைத்திருப்பவர், சம்பளக்காரர், சிறு தொழில் செய்பவர்.

பழைய சட்டம் என்பதால் அதில் உள்ள தொகைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். மனு போட குறைந்தது 500 ரூபாய் கடன் இருக்க வேண்டும். 1920இல் அது பெரிய பணம். இன்றைக்கு மளிகைக் கடை பாக்கியே அதைத் தாண்டும். 500 ரூபாய் கடன் இல்லாவிட்டாலும், பண டிகிரிக்காக (பணத்தைக் கட்டு என்று கோர்ட் போட்ட தீர்ப்புக்காக) கைதாகியிருந்தாலோ, சொத்து ஜப்தியில் இருந்தாலோ மனு போடலாம். கடன் கொடுத்தவரும் உங்கள் மேல் ஐ.பி. போட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் சொத்தை மறைத்து எழுதி வைத்தாலோ, ஊரை விட்டுத் தலைமறைவானாலோ, அந்தச் செயலையே காரணமாகக் காட்டி மூன்று மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஜெயில் பயம்

பலர் ஐ.பி.க்கு ஓடுவதே ஜெயில் பயத்தில்தான். ஆகவே அதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. கைமாற்றுக்கோ புரோநோட்டுக்கோ கொடுத்தவர் சிவில் வழக்குப் போட்டு டிகிரி வாங்கி, பிறகு ஈ.பி. (டிகிரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு) போட்டுக் கைது வாரண்ட் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் கட்டும் வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார், அல்லது சொத்தை ஒளிக்கிறார், ஓடப் பார்க்கிறார் என்று அவர் காட்டியாக வேண்டும். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு இதை அழுத்தமாகச் சொன்னது: கையில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே சட்டம் விடாது. ஆண்களுக்கும் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரியில் அதிகபட்சம் மூன்று மாதம். 2,000 ரூபாய்க்கு உட்பட்டதற்கு ஒரு நாள் கூட இல்லை.

இதில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. அமீனா வாரண்டோடு வந்து அழைத்துக்கொண்டு போனாலும், கோர்ட்டில் நிறுத்தும்போது "நீங்கள் நொடிப்பு மனு போடலாம்" என்று நீதிபதியே சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனு போடுகிறேன் என்று சொல்லி, அதற்கும் கூப்பிட்டபோது ஆஜராவதற்கும் ஜாமீன் கொடுத்தால், அங்கேயே விடுவிக்க முடியும். ஆகவே வாரண்ட் வரும் முன்பே பதறியடித்து மனு போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

செக் கொடுத்த விவகாரம் மட்டும் முற்றிலும் வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

ஒரு கடன் பட்டியலைப் பிரித்துப் பார்ப்போம்

திருப்பூர் பக்கம் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெரிய பார்ட்டிகள் பில் பணம் தராமல் இழுத்ததில் தொழில் படுத்துவிட்டது. அவர் கடன் இப்படி: பாங்கில் வீட்டுக் கடன் 12 லட்சம். நகைக் கடன் 3 லட்சம். பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 6 லட்சம். மூன்று பேரிடம் புரோநோட்டில் 9 லட்சம். எடுத்துவிட்ட சீட்டில் பாக்கி 2 லட்சம், அதற்கு மச்சான் ஜாமீன். நூல் கடைக்குக் கொடுத்து ரிட்டர்ன் ஆன செக் 3 லட்சம். ஜி.எஸ்.டி. பாக்கி 80 ஆயிரம். பெரியப்பாவிடம் கைமாற்று 1 லட்சம்.

இவர் ஐ.பி. போட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும்?

வீட்டுக் கடனுக்கு ஒன்றும் ஆகாது. அடமானம் வைத்துக்கொண்டு கொடுத்தவரின் உரிமையில் இந்தச் சட்டம் கை வைப்பதில்லை. பாங்க் தன் போக்கில் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை எடுக்கும், விற்கும். நகைக் கடனும் அப்படியே. நகை அவர்களிடம் இருக்கிறது, ஏலம் போட்டுக்கொள்வார்கள். வீட்டைக் காப்பாற்றத்தான் ஐ.பி. என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அடமானத்தில் உள்ள வீட்டை ஐ.பி. காப்பாற்றாது. அடமானம் இல்லாத வீடாக இருந்தாலோ, அது நேராக ரிசீவர் கைக்குப் போகும்.

பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, புரோநோட்டு, கைமாற்று ஆகியவைதான் ஐ.பி.க்கு உள்ளே வரும் கடன்கள். எல்லோரும் வரிசையில் நின்று, சொத்து விற்ற பணத்தில் விகிதப்படி பங்கு வாங்க வேண்டியவர்கள்.

சீட்டுக் கடனும் உள்ளேதான் வரும், ஆனால் மச்சான் தப்பமாட்டார். கடனாளிக்கு டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் ஜாமீன் போட்டவரையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவரையும் அது விடுவிக்காது. சீட்டுக் கம்பெனி சீட்டுத் துணைப் பதிவாளரிடம் மச்சான் மேல் போகும், அவர் சம்பளத்தைப் பிடிக்கக் கேட்கும். குடும்பங்களில் பெரிய சண்டை கிளம்புவது இங்கேதான். மனு போடப் போகிறேன் என்பதை ஜாமீன்தாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குறைந்தபட்ச மரியாதை. அவர் கையில் நோட்டீஸ் வந்து தெரிந்துகொள்வதைவிட, நீங்களே போய் உட்கார்ந்து சொல்வது மேல்.

ரிட்டர்ன் ஆன செக் கிரிமினல் விவகாரம். நோட்டீஸ் வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். சப் கோர்ட்டில் ஐ.பி. நிலுவையில் இருக்கிறது என்பது அங்கே பதிலாகாது. உண்மையைச் சொன்னால், இந்தத் தையல்காரர் முதலில் கவனிக்க வேண்டியது நூல் கடைக்காரரைத்தான். செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் பேசி ராஜியாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பேசி முடித்துவிட்டு உடனே ஐ.பி. போட்டால், அந்தப் பணத்தை வைத்தே வேறு சிக்கல் வரும், அதையும் சொல்கிறேன்.

ஜி.எஸ்.டி. பாக்கி அரசுக்குச் சேர வேண்டியது. பங்கு போடும்போது அதற்கு முன்னுரிமை. டிஸ்சார்ஜ் வாங்கினாலும் அது போகாது. ஜீவனாம்ச உத்தரவுப்படி மனைவிக்குக் கட்ட வேண்டியதும், மோசடி செய்து வாங்கிய கடனும் அப்படியே நிற்கும். நாலு பேரிடம் சீட்டுப் பிடித்துப் பணத்தைச் சுருட்டிவிட்டு ஐ.பி. போட்டுத் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆக, 36 லட்சத்து 80 ஆயிரம் மொத்தக் கடனில், ஐ.பி. தொடக்கூடியது ஏறக்குறைய பாதிதான். உங்கள் பட்டியலையும் ஒரு காகிதத்தில் எழுதி இப்படிப் பிரித்துப் பாருங்கள். அடமானக் கடனும் செக்கும் அரசு பாக்கியும்தான் பெரும்பகுதி என்றால், ஐ.பி. உங்களுக்கான மருந்து இல்லை.

மனு போட்டதும் எல்லாம் நின்றுவிடுமா?

நிற்காது. கடன் கொடுத்தவர்கள் உங்கள் மேல் தனித்தனியாக வழக்கு, ஜப்தி என்று போவதைச் சட்டம் தடுப்பது, கோர்ட் உங்களை நொடித்தவர் என்று அறிவித்த பிறகு. அதன்பின் கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் புது வழக்குப் போட முடியாது, கைதுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். மனு போட்ட நாளுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், அவர்கள் எதிர்மனு போடுவார்கள், வாய்தா மேல் வாய்தா ஓடும். அந்த இடைவெளியில் போன் வரும், ஆள் வரும். பாங்க் அல்லது நிதி நிறுவனத்தின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்ன விதி, ஐ.பி. போட்டாலும் போடாவிட்டாலும் உங்களுக்கு உண்டு.

ஈ.பி.யில் சொத்து ஏலத்துக்கு வந்திருக்கிறது என்றால் மட்டும், ஐ.பி. மனு ஏற்கப்பட்டதைக் காட்டி, அந்தச் சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கலாம். சொத்து உங்களுக்குத் திரும்பாது, ஒருவர் மட்டும் அள்ளிக்கொண்டு போவது நிற்கும். எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்பது சட்டத்தின் நோக்கம்.

ஒரு தடவை மனு போட்டுவிட்டால், கோர்ட் அனுமதி இல்லாமல் அதை வாபஸ் வாங்கவும் முடியாது.

எது போகும், எது நிற்கும்?

அறிவிப்பு வந்த நாளில் உங்கள் சொத்து ரிசீவர் வசம் போகிறது. அதுவும் மனு போட்ட தேதியிலிருந்தே போனதாகக் கணக்கு. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்லும் பொருள்கள் உங்களிடமே இருக்கும். உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில் மெத்தை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை. கைத்தொழில் செய்பவரின் கருவிகள். விவசாயியின் ஏர், மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு. கூலித் தொழிலாளியின் கூலியும் வீடும். பி.எஃப்., கிராஜுவிட்டி, ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசிப் பணம். மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும்.

நம் திருப்பூர்க்காரர், தான் உட்கார்ந்து தைக்கும் ஒரு மெஷினைத் தொழில் கருவி என்று வாதாடலாம். ஆள் வைத்து ஓட்டிய மற்ற பவர் டேபிள்களையும் ஓவர்லாக்கையும் அப்படிச் சொல்லி நிறுத்திவைப்பது கஷ்டம். பி.எஃப். பணத்தை எடுத்துக் கடன் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பி.எஃப். கணக்கில் இருக்கும்வரை யாரும் அதைத் தொட முடியாது. எடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டால் அந்தக் கவசம் கேள்விக்குள்ளாகலாம். ஐ.பி. போடும் நிலைக்கு வந்துவிட்டவர் பி.எஃப்.பை உடைத்து ஒரே ஒரு புரோநோட்டுக்காரருக்குக் கட்டுவதைப் போலத் தவறான முடிவு வேறில்லை.

மனைவி கையெழுத்துப் போடாத கடனுக்கு மனைவி பொறுப்பில்லை. அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையும் அவருடையது. மிரட்டுகிறவர்கள் இதை மாற்றிச் சொல்வார்கள்.

கடைசி இரண்டு வருடத்தில் என்ன செய்தீர்கள்?

ஐ.பி. மனுக்கள் கந்தலாவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில். கடன் நெருக்கும்போது கை தானாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: வீட்டை மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ தானப் பத்திரம் எழுதிவிடுவது. சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிவாகிவிட்டது, இனி யாரும் தொட முடியாது என்று நிம்மதியாக இருப்பார்கள். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் எழுதிய இந்த மாதிரிப் பத்திரத்தை ரிசீவர் கோர்ட்டில் சொல்லி ரத்து செய்ய வைக்கலாம். வில்லங்கச் சான்று போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. எதிர்மனு போடும், கடன் கொடுத்தவரின் வக்கீல் முதலில் எடுப்பதே வில்லங்கம்தான். நிஜமாகப் பணம் கொடுத்து, நல்லெண்ணத்தில் வாங்கியவரின் கிரயத்தைத் தொடமாட்டார்கள்.

இரண்டாவது, பெரியப்பா விவகாரம். "ஊர்க்காரனுக்கு நாமம் போட்டாலும் பெரியப்பாவுக்கு மட்டும் குடுத்துடணும்" என்று, கடைசியில் கையில் இருந்த 1 லட்சத்தை அவருக்குக் கட்டிவிட்டு மறுமாதம் மனு போடுவது. மனசுக்கு நியாயமாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில், மற்றவர்களை விட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியது. மூன்று மாதத்துக்குள் அப்படிக் கொடுத்திருந்தால் ரிசீவர் பெரியப்பாவிடம் போய் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். செக் வழக்கைப் பேசி முடித்துவிட்டு உடனே ஐ.பி. போட்டால் சிக்கல் என்று சொன்னது இதனால்தான். பெரியப்பாவைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதும் தப்பு. மனுவில் எல்லாக் கடன்காரரின் பெயர், முகவரி, தொகை வர வேண்டும். சொந்தக்காரர் என்று விட்டால் அது மறைத்த கணக்கு.

சொத்தையோ கணக்குப் புத்தகத்தையோ மறைத்தது நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறை. வெறும் கடனாளியாக இருந்தவர் குற்றவாளியாக ஆகிவிடுவது இந்த வழியில்.

டிஸ்சார்ஜ்

நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, இத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கோர்ட் கெடு வைக்கும். ஆள்கள் காணாமல் போவது இங்கே. தொல்லை கொஞ்சம் அடங்கியதும் வக்கீலைப் பார்க்கப் போவதை நிறுத்திவிடுவார்கள். கெடு தாண்டும். அறிவிப்பு ரத்தாகும். கடன்காரர்கள் மறுபடி வழக்குப் போடலாம். அறிவிப்பு நடப்பில் இருந்த காலத்தை, வழக்குப் போடுவதற்கான காலவரையறைக் கணக்கில் கழித்துவிடுவார்கள் என்பதால், "கடன் மூணு வருஷம் தாண்டிடுச்சு" என்றும் சொல்ல முடியாது. கோர்ட் அனுமதி இல்லாமல் இரண்டாவது ஐ.பி.யும் போட முடியாது. மனு போட்ட அவமானம் முழுசாக மிஞ்சும், பலன் ஒன்றும் மிஞ்சாது.

விண்ணப்பித்தாலும் தானாகக் கிடைத்துவிடாது. சொத்து விற்ற பணம் அடமானமில்லாத கடன்களுக்கு ரூபாய்க்கு எட்டணாவாவது வர வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நம் ஆளுக்கு உள்ளே வரும் கடன் சுமார் 18 லட்சம் என்றால், 9 லட்சமாவது தேற வேண்டும். தேறாவிட்டால், அது தன் கையை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று அவர் கோர்ட்டை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பார்ட்டிகள் பணம் தராமல் ஏமாற்றியது, தீ விபத்து, பெரிய நோய், இவையெல்லாம் அப்படிச் சொல்லக்கூடியவை. அதற்குக் காகிதம் வேண்டும்: பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் போடறேன்" என்று பார்ட்டி அனுப்பிய பதில், ஆஸ்பத்திரி ரசீது.

மூன்று வருடக் கணக்கு எழுதி வைக்கவில்லை, நொடித்தது தெரிந்தும் தொழிலை ஓட்டினார், திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினார், சூதாட்டம், ஊதாரிச் செலவு, ஏற்கெனவே ஒருமுறை நொடித்தவர் — இதில் ஏதாவது ஒன்று நிரூபணமானாலும் முழு டிஸ்சார்ஜ் மறுக்கப்படும். சிலருக்கு இத்தனை காலம் கழித்து என்று தள்ளி வைப்பார்கள், சிலருக்கு வருங்கால வருமானத்தில் இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். ஆன்லைன் ரம்மியில் விட்ட பணத்தை இந்த வரிசையில் எந்த இடத்தில் வைப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் வரும்வரை புதிதாக வரும் சொத்தும் ரிசீவருக்கே. இடையில் அப்பா காலமாகி பாகம் வந்தால், அந்தப் பாகமும் கடன்காரர்களுக்குப் போகும். அந்தக் காலத்தில், நான் நொடித்தவன் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. எழுத்துப்படி பார்த்தால் மளிகைக் கடையில் அக்கவுண்ட் வைப்பதே ஆபத்து. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, எம்.எல்.ஏ., எம்.பி. ஆகவும் தகுதி இல்லை. கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. இதற்கு மனு நிலுவையில் இருந்தாலே போதும். மத்திய அரசு ஊழியர் என்றால் இப்படி ஒரு நடவடிக்கை தொடங்கியதுமே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் துறை நடவடிக்கை தனி.

வேறு வழி இருக்கிறதா?

பல சமயம் இருக்கிறது, அது ஐ.பி.யைவிட மலிவும்கூட. முதலில் புரோநோட்டுகளின் தேதியைப் பாருங்கள். எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம் தாண்டியும் வழக்குப் போடாமல் இருந்தால், பொதுவாக அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அந்த மூன்று வருடத்துக்குள் நீங்கள் 500 ரூபாய் கொடுத்து நோட்டின் பின்பக்கம் "வரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். கெடு முடியும் மாதத்தில் திடீரென்று பாசமாக வந்து, "இருக்கறதக் குடு, ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்று கேட்பது இதற்காகத்தான். வழக்குப் போட்டு டிகிரியே வாங்கிவிட்டால் கதை வேறு. அதை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வாங்கியிருந்தால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது கிரிமினல் சட்டம். மூன்று வருடம் வரை சிறை. அசலுக்கு மேல் பல மடங்கு கட்டியவர் ஐ.பி. போட்டுத் தன்னை நொடித்தவர் என்று எழுதிக்கொடுப்பதற்கு முன் இதைப் பற்றி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

பர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் பாங்குகள் ஒரே தவணையில் குறைத்து முடித்துக்கொள்ளும். பேசி முடித்ததை லெட்டரில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். போனில் சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லை. சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் சுலபமாகக் கிடைக்காது. ஐ.பி.க்கு அலைந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் அது டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கூட்டத்தில் கௌரவத்துக்காகப் பெரிய தவணை ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த மாதமே தவறினால் நேரே ஈ.பி. வரும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஐ.பி.தான் என்றால், வக்கீலிடம் போகும்போது இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்: கடன் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஜாமீன் யார் என்ற குறிப்பு, வந்த நோட்டீஸ், சம்மன் எல்லாம், மூன்று வருட பாங்க் ஸ்டேட்மெண்ட், இரண்டு வருடத்துக்குள் எழுதிய எந்தப் பத்திரமானாலும் அதன் நகல், கொடுத்து வைத்திருக்கும் செக்குகளின் நம்பர், வெளியிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. வர வேண்டிய பாக்கியும் உங்கள் சொத்து. அதைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

வக்கீலிடம் முதல் கேள்வியாக, "டிஸ்சார்ஜுக்கு எப்போ மனு போடணும், எனக்குக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். தேதி தெரிந்ததும் காலண்டரில் எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் உத்தரவு வந்த அன்றே சர்டிஃபைடு காப்பிக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.